நூற்று முப்பத்தொரு சென்டிமீட்டர்

“டயர மாட்டி முடிக்கறதுக்குள்ள ஒரு வார்த்த சொல்லிருங்க மச்சான், அது போதும்” என்று சொல்லிவிட்டு லோகநாதன் இளநீர்க் கடைப் பக்கம் போய்விட்டான். ஒரு வார்த்தைதான். போலாம், இல்லாவிட்டால் வேண்டாம். தண்டபாணி காகிதக் கோப்பையில் காப்பியை வைத்துக்கொண்டு வேன் நிழலில் நின்றான். நிழல் என்று பேர்தான், பாதி உடம்பு வெயிலில் இருந்தது. தருமபுரி தாண்டி நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் எல்லோரும் பலகாரம் சாப்பிட்டு வெளியே வந்தபோதுதான் பின்சக்கரம் காற்றிறங்கிப் படுத்திருப்பதை டிரைவர் பார்த்தார். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு வேனின் நெற்றியில் இன்னும் காயாத மாதிரி இருக்கிறது, அதற்குள் இப்படி. டிரைவர் அவசரம் என்ற சொல்லைக் கேள்விப்படாதவர். ஜாக்கியை எடுத்தார், துடைத்தார், கல் ஒன்றைத் தேடி முன்சக்கரத்துக்கு அணை கொடுத்தார், வெற்றிலை போட்டார். இன்னும் கொஞ்சம் மெதுவாகச் செய்தாலும் நல்லதுதான் என்று தண்டபாணிக்குத் தோன்றியது. திருப்பூரிலிருந்து பெங்களூருக்கு மூன்று நாள் பயணம், இரண்டு குடும்பம், ஆறு பேர். நாளைக்குத் தண்ணீர்ப் பார்க், நாளை மறுநாள் மிருகக்காட்சி சாலை, ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்குள் வீடு. அப்படித்தான் பேச்சு. இட்லிக்குச் சட்னி வருவதற்குள் லோகநாதன் போனில் எதையோ பார்த்துவிட்டான். இன்னொரு பார்க். பெரிய பார்க். தலைகீழாகச் சுற்றுகிற ரயில், ஆகாசத்திலிருந்து கீழே போடுகிற நாற்காலி, என்னென்னவோ. மிருகக்காட்சி சாலையை விட்டுவிட்டு அங்கே போகலாம், டிக்கெட்டை இப்போதே போட்டுவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம் என்றான். குரங்கைப் பார்க்கப் பெங்களூர் போகணுமா மச்சான், நம்ம தர்சன் இருக்கான் என்று தன் மகனைக் காட்டி வேறு சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். தண்டபாணியும் சிரித்தான். சிரித்துக்கொண்டே மகளைப் பார்த்தான். வருணிகா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி சுகந்தி வீட்டில் அப்படி ஒரு வழக்கம். மாமனார் போனதிலிருந்து காதுகுத்தானாலும் கார் வாங்குவதானாலும் அக்கா வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் லோகநாதன் எதையும் செய்யமாட்டான். கேட்பது மரியாதைக்குத்தான். ஏற்கனவே முடிவு செய்ததைத்தான் கேட்பான், இவனும் சரி மாப்ள என்பான். பதினைந்து வருசத்தில் ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அதனால்தான் இன்றைக்கு வேண்டாம் என்றால் அது வெறும் வேண்டாமாக நிற்காது, ஏன் என்று ஒரு கேள்வி பின்னாலேயே வாலாட்டிக்கொண்டு வரும். ஏன் மச்சான்? உடம்புக்கு முடியலீங்களா? அக்கா ஏதாச்சும் சொல்லுச்சா? லோகநாதன் நல்லவன், நல்லவர்கள்தான் இப்படித் துருவித் துருவிக் கேட்பார்கள். கெட்டவனாக இருந்தால் சரி போ என்று விட்டுவிடுவான். என்ன சொல்வது? வெயில் என்று சொல்லலாம். தண்ணீர்ப் பார்க்கில் மட்டும் வெயில் குடைபிடிக்குமா என்பான். முட்டி வலி என்று சொல்லலாம். நீங்க கீழ உக்காருங்க மச்சான், பசங்க ஏறட்டும் என்பான். அதுதான், பசங்க ஏறட்டும், அங்கேதான் எல்லாம் வந்து இடிக்கிறது. லோகநாதன் காட்டிய வீடியோவில் அந்தப் பார்க்கின் வாசல் இருந்தது. வாசலில் மரத்தில் செய்த ஒரு கரடி. சிவப்புக் கால்சட்டை போட்டுச் சிரித்துக்கொண்டு ஒரு கையை நீட்டியபடி நிற்கிறது. அதன் கைக்குக் கீழே புகுந்து போகிற பிள்ளைகளுக்குச் சின்ன டிக்கெட், கை தலையில் இடித்தால் பெரிய டிக்கெட். கையில் நூற்று நாற்பது என்று எழுதியிருந்தது. அந்த எண்ணைத் தாண்டினால்தான் பெரிய சவாரிகளில் விடுவார்கள். மற்றவர்கள் தலைகீழ் ரயிலைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். தண்டபாணிக்குக் கரடிதான் தெரிந்தது. நூற்று நாற்பது. பத்து வயது தர்சன் நூற்று நாற்பத்திரண்டு. பதின்மூன்று வயது வருணிகா நூற்று முப்பத்தொன்று. இதை அவன் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை, இன்ச் டேப்பும் தேவையில்லை.

அவன் தொழிலே அதுதான். பனியன் கம்பெனியில் இருபது வருசமாகச் செக்கிங். மேசைமேல் துணியைப் பரப்பி, நெஞ்சு எவ்வளவு, நீளம் எவ்வளவு, கை எவ்வளவு என்று டேப் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் வலப்பக்கம், திருத்த முடியும் என்றால் இடப்பக்கம், முடியாது என்றால் கீழே கிடக்கும் பெட்டியில். இப்போதெல்லாம் டேப் வைக்கும் முன்பே கண் சொல்லிவிடும், அரை சென்டிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் உறுத்தும். அவன் லைனில் ஓடுவது முழுக்க வெளிநாட்டுப் பிள்ளைகள் துணி. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சின்ன லேபிள், அதில் வயசும் உயரமும் சேர்த்தே அடித்திருக்கும். எட்டு-ஒன்பது வயசு, நூற்று முப்பத்து நான்கு. பன்னிரண்டு-பதிமூன்று வயசு, நூற்று ஐம்பத்தெட்டு. எந்த ஊர்ப் பிள்ளையை நிற்கவைத்து இதை அளந்தார்களோ, யார் கண்டது. நம்ம ஊர்ப் புள்ளைங்க அவ்வளவு வளராதுங்க, வெள்ளக்காரன் கணக்கு அது என்று முதலில் அவன்தான் எல்லோருக்கும் சொன்னான். மிச்சம் விழுந்த பீஸ்களை வருணிகாவுக்கு எடுத்து வருவான். ஏழு வயசில் ஏழு வயசு லேபிள் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது, வளர்ற புள்ளைதானே என்றான். எட்டு வயசிலும் அதே துணி தொளதொளவென்று இருந்தது. ஒன்பதிலும் போட்டாள். நல்ல துணி, சாயம் போகவில்லை பார் என்று சுகந்தியிடம் பெருமை பேசினான். துணியைப் பற்றிப் பேசினானே ஒழிய உள்ளே இருந்த பிள்ளையைப் பற்றி நினைக்கவில்லை. ஊருக்கெல்லாம் குறி சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் துள்ளி விழுந்ததாம், அந்தக் கதைதான். சீமையில் யாரோ பெற்ற பிள்ளைக்குக் கை நீளம் அரை சென்டிமீட்டர் குறைந்தால் கத்துகிறவனுக்குத் தன் வீட்டில் இருபத்தேழு சென்டிமீட்டர் குறைந்தது தெரியவில்லை. டிரைவர் முதல் நட்டைக் கழற்றித் தரையில் வைத்தார்.

இல்லை, தெரியாமல் இல்லை. அதை நினைக்கும்போதுதான் காப்பி கசக்கிறது. தெரிந்தது, அதில் அவனுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது. அரை டிக்கெட். வருணிகாவுக்கு ஏழு வயசு இருக்கும்போது பொருட்காட்சிக்குப் போனார்கள். ராட்டினத்துக்கு முன்னால் ஒரு கம்பு நட்டிருந்தார்கள், சிவப்புக் கோட்டைத் தாண்டினால் முழு டிக்கெட். தாண்டுகிற மாதிரியும் இருந்தாள், தாண்டாத மாதிரியும் இருந்தாள். முட்டிய லேசா மடக்கிக்க கண்ணு என்று காதில் சொன்னான். அவளுக்கு அது எவ்வளவு பெரிய விளையாட்டாகிவிட்டது. பாவாடைக்குள் முட்டியை மடக்கிக்கொண்டு, முகத்தில் ஒன்றுமே தெரியாத மாதிரி ஆகாசத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டிக்கெட்காரன் சரி போ என்றான். மிச்சமான காசில் டெல்லி அப்பளம் வாங்கி இரண்டு பேரும் ஆளுக்கொரு ஓரத்திலிருந்து கடித்துக்கொண்டே வந்தார்கள். அம்மாகிட்டச் சொல்லக் கூடாது என்று அவளே சொன்னாள். அதற்கப்புறம் பஸ்ஸில், சர்க்கஸில், கோயமுத்தூர்க் கண்காட்சியில், எங்கே கம்பைப் பார்த்தாலும் அவள் அவன் விரலை அழுத்துவாள், அவன் திருப்பி அழுத்துவான். திருட்டுத்தனம்தான், ஆனால் அப்பனும் மகளும் சேர்ந்து செய்கிற திருட்டுத்தனத்தில் ஒரு ருசி இருக்கிறது, பிள்ளை பெற்றவனுக்குத் தெரியும். அப்புறம் பதினோரு வயசில் ஒருநாள். அதே பொருட்காட்சி, வேறு கம்பு, பெரிய ராட்டினத்துக்கு, அவள் வயசுப் பிள்ளைகள் எல்லாம் தாண்டுகிற உயரத்தில் கோடு. விரலை அழுத்தினான். அவள் போய் நின்றாள். முட்டியை மடக்கவில்லை. நேராக நின்று மேலே பார்த்தாள். கோட்டுக்கும் அவள் தலைக்கும் நடுவில் இடம் இருந்தது. திரும்பிச் சிரித்துக்கொண்டே, “அப்பா, குனியாமயே பாஸ்!” என்றாள். அவனும் சிரித்தான். ஆமாம், அவனும்தான் சிரித்தான். அந்தச் சிரிப்பை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கண் திறந்ததென்னவோ அதற்கும் இரண்டு வருசம் கழித்துத்தான். அதுவும் அவனாகத் திறக்கவில்லை. பள்ளிக்கூடத்துப் படம் ஒன்றை வருணிகா கொண்டுவந்து கொடுத்தாள், எட்டாம் வகுப்பு பி பிரிவு. முன்வரிசையில் தரையில் உட்கார்ந்தவர்கள், பின்வரிசையில் நின்றவர்கள். இவள் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்தாள், பக்கத்துப் பிள்ளைகளின் தோளுக்குக் கீழே, முன்வரிசையில் உட்கார வேண்டிய ஆள் மாதிரி. அன்றைக்கு ராத்திரி சுகந்தி அழுதாள், மறுநாள் கோயமுத்தூருக்குப் போனார்கள். டாக்டரம்மா இடது கையைப் படம் எடுக்கச் சொன்னார், எலும்பின் வயசு அதில் தெரியுமாம். எலும்புக்கு ஒரு வயசு, பிள்ளைக்கு ஒரு வயசு. எலும்புக்கு இன்னும் பத்து வயசுதாங்க ஆகுது, அது நல்லதுதான், வளர்றதுக்கு இடம் இருக்குன்னு அர்த்தம் என்றார். சுகந்திக்கு அந்த வார்த்தை காதில் விழுந்தது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் இடம் இருக்குதாமா, இடம் இருக்குதாமா என்று சாமிபேர் மாதிரி சொல்லிக்கொண்டு வந்தாள். தண்டபாணிக்கு விழுந்தது வேறு வார்த்தை. ரெண்டு வருசம் முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே. டாக்டரம்மா அதைக் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, பேனாவை மூடிக்கொண்டே சொன்னார். ரெண்டு வருசம் முன்னாடி என்றால் பதினொன்று. குனியாமயே பாஸ். அன்றைக்கு ராட்டினத்தில் ஏற்றாமல் அப்படியே பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போயிருந்தால்? கிறுக்குத்தனமான யோசனைதான், ஆனால் ஒரு நாளைக்கு நாலு தடவை வருகிறது. போன மாசம் ரத்தம் எடுத்து எங்கோ அனுப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை முடிவு வரும். ஊசி போடலாமா, போட்டால் கேட்குமா என்று அதற்கப்புறம்தான் சொல்ல முடியுமாம். லோகநாதனுக்கு இது எதுவும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்று சுகந்திதான் நிறுத்திவைத்திருக்கிறாள், தம்பிக்குத் தெரிந்தால் தம்பி பொண்டாட்டிக்குத் தெரியும், அப்புறம் ஊருக்கே தெரியும், பொம்பளைப் புள்ளை, நாளைக்கு ஒரு நல்லது பொல்லதுன்னு வரும் என்று. வருணிகாவிடமே சத்துக்குறைவு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. அவளும் சரி என்று கேட்டுக்கொண்டாள். எதைச் சொன்னாலும் சரி என்று கேட்டுக்கொள்கிற பிள்ளையிடம் பொய் சொல்வதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம்.

இந்தப் பயணமே அதற்காகத்தான், திங்கட்கிழமை வருவதற்குள் பிள்ளை ஒரு மூணு நாள் சிரிக்கட்டும் என்று. தண்ணீர்ப் பார்க்கை அவன்தான் தேடிப் பிடித்தான். கம்பெனியில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு ஒவ்வொரு பார்க்குக்கும் போன் போட்டான். ஏனுங்க, உங்க பார்க்குல உயரம் பாப்பீங்களா என்று கேட்டால் ஒரு பெண், எவ்ளோ உயரமா இருந்தாலும் பரவால்ல சார், கால் நீட்டிக்க எடம் இருக்கு என்றது. அவனுக்குச் சிரிப்பதா அழுவதா என்றிருந்தது. கடைசியில் ஒரு இடத்தில் எல்லாருக்கும் ஒரே டிக்கெட், கம்பெல்லாம் கிடையாது, அலைக்குளத்தில் இடுப்பளவுத் தண்ணி என்றார்கள். தண்ணீருக்குள் யார் எவ்வளவு என்று யாருக்குத் தெரியும், எல்லாரும் தலைதான். அதுதான் வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தான். மூன்று வாரம் பாடுபட்டுக் கட்டிய கோட்டையை லோகநாதன் சட்னி வருவதற்குள் இடித்துவிட்டான். கரடிக்குக் கீழே தர்சன் போவான், தலை இடிக்கும், ஏய் என்று கத்துவான், கைதட்டுவார்கள். பின்னாலேயே வருணிகா போவாள். இடிக்காது. பார்க்கிற ஆள் தலையில் கையை வைத்து அழுத்திப் பார்ப்பான், பாப்பா நீ அந்தப் பக்கம் போம்மா என்பான், அந்தப் பக்கம் என்றால் வாத்துப் பொம்மைகளும் ஆறு வயசுப் பிள்ளைகளும் இருக்கிற பக்கம். அப்போது லோகநாதன் அவள் தோளில் தட்டி, கடுகு சிறுத்தாலும் காரம் போகுமா என்பான். சொல்லாமல் இருக்கமாட்டான். அந்தப் பழமொழியைக் கண்டுபிடித்தவன் எவனென்று தெரிந்தால் தண்டபாணி அவன் வீட்டு வாசலில் போய் நின்றுகொள்வான். டீச்சர் சொல்கிறார்கள், மளிகைக்கடைக்காரர் சொல்கிறார், கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் சொல்கிறார்கள். ஆறுதலாம். ஒரு பிள்ளை பிறந்ததிலிருந்து இரண்டாயிரம் தடவை தன்னைக் கடுகு என்று கேட்டால் அது என்ன ஆறுதல்? மூன்று நட்டு ஆகிவிட்டது.

சுகந்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். “என்னுங்க, தம்பிகிட்ட என்ன சொல்லப்போறீங்க?”

“நீயே சொல்லேன். உன்ற தம்பிதானே.”

“நாஞ் சொன்னா ஏன் எதுக்குன்னு தோண்டி எடுத்துருவான். நீங்க சொன்னா மறுபேச்சு பேசமாட்டான்.” கைக்குட்டையை மடித்தாள். “புள்ள மொகமே செரியில்லீங்க. சாப்டறப்பவே எந்திரிச்சு வந்துட்டா.”

அவள் போய்விட்டாள். புள்ள மொகமே செரியில்லை. எதனால் என்று அவளுக்குத் தெரியாது, அவள் அப்போது கை கழுவப் போயிருந்தாள், லோகநாதன் வீட்டார் மூன்று பேரும் போனுக்குள் தலையை விட்டிருந்தார்கள். தண்டபாணிக்குத் தெரியும், அல்லது தெரியுமோ என்று பயம். இருபது நிமிசமாகக் கரடி, டிக்கெட், மிருகக்காட்சி சாலை என்று சுற்றிச் சுற்றி வருவதே அந்த இடத்துக்குப் போகாமல் இருக்கத்தான், புண் இருக்கிற பக்கமாகப் படுக்காமல் ராத்திரி முழுக்கப் புரண்டுகொண்டிருப்பதைப் போல. பரிமாறுகிறவர் ஒரு பெரியவர், நல்ல மனுசன். தோசை கொண்டுவந்தவர் வருணிகாவைப் பார்த்து, பாப்பாவுக்கு மினி இட்லி வெக்கட்டுங்களா என்றார். வேண்டாங்க, தோசை என்றாள். பாப்பா எத்தனாவது படிக்குது என்றார். இவனைப் பார்த்துத்தான் கேட்டார், தண்டபாணியைப் பார்த்து. அவனுக்கு அடுத்து வரப்போவது தெரியும். எட்டாவது என்றதும் அவர் கண்கள் விரியும், எட்டாவதா, பாத்தாத் தெரியலீங்களே என்பார், கடுகு வரும், பக்கத்து மேசை திரும்பும். அரை நொடிதான். வாய் தானாகத் திறந்து, “அஞ்சாவதுங்க” என்றது. அப்படியா, நல்லாப் படி சாமி என்று அவர் போய்விட்டார். எவ்வளவு சுலபமாக முடிந்தது. யாரும் திரும்பவில்லை, யாரும் வியக்கவில்லை. பிள்ளையை ஒரு அடியிலிருந்து காப்பாற்றிவிட்ட மாதிரி அவனுக்கு ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. பிறகு அவளைப் பார்த்தான். தோசையைச் சின்னச் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள், தின்னவில்லை. கேட்டதா? ஓட்டலில் ஒரே இரைச்சல், மேலே மின்விசிறி வேறு, கேட்டிருக்காது. ஒரு கை தூரம். கேட்டிருக்காது. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாளே. இல்லை, சொல்லமாட்டாள், அவள்தான் எதற்கும் சரி என்பாளே. கேட்டிருக்கும். பிள்ளையைக் காப்பாற்றினானா, தன்னைக் காப்பாற்றிக்கொண்டானா? கரடிக்குக் கீழே அவள் போகும்போது யாருக்கு வலிக்கும் என்று இவ்வளவு நேரம் பயந்துகொண்டிருக்கிறான்? டிரைவர் புதுச் சக்கரத்தைத் தூக்கி வைத்து முதல் நட்டைக் கையால் திருகினார்.

வேண்டாம் என்று சொல்லிவிடலாம். தலைசுற்றுகிறது, மாத்திரை போடணும் என்று அடித்துவிடலாம், பதினைந்து வருசத்தில் ஒரு பொய்க்கு இடம் உண்டு. இந்தத் தடவை தப்பித்தால் போதும், திங்கட்கிழமை வரட்டும், ஊசி போட்டால் ஒரு வருசத்தில் பத்து சென்டிமீட்டர்கூட வருமாம், அடுத்த வருசம் கரடியின் கையைத் தலையால் முட்டட்டும், அப்போது அவனே டிக்கெட் போடுவான். ஒரு வருசம்தான். அதுவரைக்கும் கம்பு இல்லாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கூட்டிப்போகலாம். அடுத்த வருசமும் இடிக்காவிட்டால்? அதற்கடுத்த வருசம்? கல்யாண வீட்டில், காலேஜில், பஸ்ஸில்? உலகம் முழுக்க இருக்கிற கம்புகளுக்கெல்லாம் போன் போட்டுக் கேட்டுக்கொண்டா இருக்கமுடியும்? சரி, அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

“அப்பா.”

வேனின் அந்தப் பக்கத்திலிருந்து வந்தாள். அவன் தோளுக்கு இன்னும் எவ்வளவு என்று கண் தானாக அளந்தது. அந்தக் கண்ணை அவன் வெறுத்தான்.

“என்ன கண்ணு?”

“மாமாகிட்ட வேண்டாம்னு சொல்லப்போறீங்களா?”

“இல்ல கண்ணு… வெயிலு இப்பிடி அடிக்குதே. மிருகக்காட்சின்னா மரமாச்சும் இருக்கும். அதான் யோசன பண்ணிட்டிருக்கேன்.”

“அந்தப் பார்க்குல மொத்தம் இருபத்தி மூணு ரைடுப்பா. மாமா போன்ல பாத்துட்டேன். பதினாலுல நான் ஏறலாம். ஒம்போதுல முடியாது. நூத்தி நாப்பது வேணும்.” பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள். “தர்சன்கிட்டயும் சொல்லிட்டேன்.”

“சொல்லிட்டியா? அவன் என்ன சொன்னான்?”

“அப்ப நான் ரயில்ல ஏறறப்ப என்ற செருப்ப நீ பாத்துக்கன்னான். பாத்துக்க முடியாது போடான்னுட்டேன்.”

இவ்வளவுதானா? மூன்று வாரம் மாடிப்படிக்குக் கீழே நின்று அவன் கட்டிக்காத்த ரகசியம் ஒரு ஜோடிச் செருப்பில் முடிந்துவிட்டதா? அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஸ்டெப்னியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவனைப் பார்க்காமலேயே கேட்டாள்.

“அஞ்சாவதுன்னு ஏன்ப்பா சொன்னீங்க?”

மின்விசிறி, இரைச்சல் எல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. “அது வந்து கண்ணு… அவரு ஏதாச்சும் சொல்லுவாருன்னு. உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு.”

“சொல்லட்டுமே. எல்லாருந்தான் சொல்றாங்க.” குரல் இப்போதுதான் உடைந்தது. “ஆறாவதுலதான்ப்பா நான் சைக்கிள் கத்துக்கிட்டேன். ஏழாவதுல கணக்குல நூறு வாங்கினேன். எட்டாவதுல காலாண்டே எழுதிட்டேன். வளரலதான். ஆனா அத்தன வருசமும் நான் சும்மாவா இருந்தேன்? அதெல்லாம் எங்கப்பா போச்சு?”

தண்டபாணி காகிதக் கோப்பையைக் கீழே வைத்தான். ஒன்றல்ல, மூன்று வருசம். பெற்ற பிள்ளையின் மூன்று வருசத்தை, அவள் காது கேட்க, ஒரு தோசைக்கு முன்னால் உதறிப் போட்டுவிட்டு அதற்குக் காப்பாற்றியதாகப் பேர் வைத்திருக்கிறான். உயரம்தான் குறைச்சல் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான், வயசு முழுதாக இருந்தது, அதையும் அவன்தான் குறைத்தான். அவனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. டிரைவர் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றவில்லை. “தப்புதான் கண்ணு,” என்றான். “அப்பாவுக்குப் பயம். உனக்கு என்னமோன்னு பயம். திங்கக்கெழம என்ன சொல்லுவாங்களோன்னு பயம். அது சத்துக்குறைவு இல்ல கண்ணு, வளர்றதுக்கான டெஸ்ட்டு அது. உன்கிட்டச் சொல்லல.”

“தெரியும்ப்பா. சீட்டுல போட்டிருந்துச்சு.” கையால் மூக்கைத் துடைத்தாள். “நீங்க சொல்லுவீங்கன்னுதான் கேக்கல.”

“என்ன மச்சான், முடிவு பண்ணிட்டீங்களா?” லோகநாதன் இளநீர்க் கடையிலிருந்து கத்தினான். ஒரு கையில் போன், டிக்கெட் போடத் தயாராக. டிரைவர் ஜாக்கியை இறக்கிக்கொண்டிருந்தார், வேன் மெல்ல நான்கு காலில் நின்றது.

“வருணியக் கேளு மாப்ள,” என்று தண்டபாணி திருப்பிக் கத்தினான், தேவைக்கு மேலேயே சத்தமாக. “எட்டாவது படிக்கிற புள்ள. பார்க்கப் பத்தி நம்மள விட அவளுக்குத்தான் நல்லாத் தெரியும். அவ சொல்றதுதான் முடிவு.”

லோகநாதன் ஒரு கணம் விழித்தான். பதினைந்து வருசத்தில் இப்படி ஒரு பதில் அவனுக்கு வந்ததில்லை. “சரி சாமி, நீ சொல்லு. போலாமா?”

“போலாம் மாமா,” என்றாள் வருணிகா. “பதினாலுல நான் வரேன். மிச்சம் ஒம்போதுலயும் அப்பா ஏறுவாரு.”

“நானா?”

“நீங்கதான்.” இப்போது அவனை நேராக நிமிர்ந்து பார்த்தாள். “நான் கீழ நின்னு பாப்பேன். எறங்கி வந்து ஒவ்வொண்ணும் எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லணும். பொய் சொல்லாமச் சொல்லணும்.”

ஆடி நோன்புக்கு மரத்தில் தூரி கட்டினால் அந்த ஊஞ்சலில் உட்கார்ந்தாலே தண்டபாணிக்குத் தலை சுற்றும், ஊருக்கே தெரியும். “சரி கண்ணு,” என்றான்.